கை மட்டும் தெரியணும்

பெரம்பலூரில் மாமா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்டு விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வார்னிஷ் வாசனையும் செம்புக் கம்பிச் சுருள்களும் நிறைந்த அந்தக் கடையின் பலகை பெஞ்சில்தான் நான் இரும்புக்கை மாயாவியைப் படித்தேன். புத்தகங்கள் அரியலூரிலிருந்து வரும். அங்கே அத்தை மகன் ‘முத்து காமிக்ஸ்’ இதழ்களைச் சேர்த்துவைத்திருந்தான். ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’ எல்லாம் அவனிடம் இருந்தன. கோடை விடுமுறையில் அவற்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவான். அட்டை கிழிந்தவற்றுக்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பான்.

முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். மூலக்கதை 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தது. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார் என்பது தெரியும். கை மட்டும் மறையாது, அந்தரத்தில் மிதக்கும். நேரம் ஆக ஆக மின்சாரம் தீர்ந்து உருவம் திரும்பிவிடும். உடனே வேறொரு பிளக்கைத் தேடியாக வேண்டும். இந்த இடத்தில்தான் எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. மாயாவி இங்கே வந்து மாட்டிக்கொண்டால் என்ன செய்வார் என்று அத்தை மகனும் நானும் உண்மையாகவே கவலைப்பட்டோம்.

ஒருநாள் மாமாவிடம் கேட்டேன்.

“கரண்டு அடிச்சா ஆளு மறைவாங்களா மாமா?”

“மறையறதாவது! தூக்கிக் கடாசிடும் மாப்ள. இங்க பாரு” என்று உள்ளங்கையைக் காட்டினார். குறுக்கே வெள்ளையாக ஒரு பழைய தழும்பு.

“அப்புறம் நீங்க ஏன் இதப் படிக்கிறீங்க?”

கம்பி சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: “மறையறது கத. ஆனா கை தெரியுது பாரு, அதுலதான் ஆளு இருக்கான். முழுசா மறைஞ்சிட்டா அவனுக்கு என்ன பயம்? பயமில்லாதவன் கதைய எதுக்குப் படிக்கணும்?”

நம்பமுடியாதது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்துச் சாத்தனூர் ஓடையில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது, 12 கோடி ஆண்டு பழையது. அதை 1940-இல் உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். காரைப் பக்கம் ஓடைகளில் கடல் உயிரினங்களின் கல்லான ஓடுகள் கிடைக்கும். கடல் இருந்த இடத்தில் பருத்தி விதைக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு மறைகிற மனிதனை நம்புவதில் என்ன சிரமம்? ஆனால் ஒரு கதைக்குள் இருக்கும் சட்டத்தை ஆசிரியரே மீறினால்தான் எங்களுக்குப் பொறுக்காது.

பின்னாளில் காமிக்ஸ் நாயகர்களின் படங்கள் வந்தன. ‘ஸ்பைடர்மேன்’ 2002-இல் வந்தபோது, காமிக்ஸில் அவன் தன் மூளையால் செய்துகொண்ட வலைக்கருவியை சாம் ரெய்மி எடுத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்தே வலை வரவைத்தார். மூலத்துக்குத் துரோகம் என்று நண்பர்கள் கொதித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. காமிக்ஸில் வலைத்திரவம் தீர்ந்துபோகும். 2004-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மனம் உடையும்போது வலை வராமல் போகிறது. சட்டம் மாறியது, ஆனால் ஒரு சட்டம் இருந்தது. நோலனின் ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005) உடைக்கும் வண்டிக்கும் ராணுவக் காரணம் சொன்னது; பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளையை அது மாற்றவில்லை. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) சக்தியே வேண்டாம், குங்பூ போதும் என்றது. நடைமுறைக்கு நெருக்கமாகப் போகும் ஆசை எனக்குப் புரிகிறது, பிடிக்கவும் செய்கிறது. ஆனால் நாயகனின் பலவீனம் எதில் இருக்கிறது என்று பார்க்காமல் நம்பகத்தன்மையை மட்டும் தேடினால், கிடைப்பது இன்னொரு போலீஸ் கதைதான்.

‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படமெடுக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அவர் எந்தக் கதையை எடுத்தாலும், வேறு யார் எடுத்தாலும் சரி, இந்தப் பெயரைத் தொட்டால் மூலக்கதையின் லண்டனை விட்டுவிடலாம். மாயாவி வேலை பார்க்கும் உளவு அமைப்பான நிழற்படையை விடலாம், அதில் வரும் பேராசிரியர் பாரிங்கரையும் விடலாம். கதையை அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கே கொண்டுவந்தாலும் எனக்குச் சம்மதம். கிராபிக்ஸில் இன்று முழு ஆளையும் மறைப்பது எளிது. அந்தக் கையை மட்டும் மறைக்கக் கூடாது. எதிரி அதைப் பார்த்துச் சுட வேண்டும்.