பிரேம் நேராக இருக்க வேண்டும்

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது, எங்கட மாங்கேணியில் மூலையில் கிடந்த சைக்கிளெல்லாம் திரும்பவும் றோட்டுக்கு வந்தன. மீன் பெட்டி கட்டி ஓடுறவங்களுக்கோ சைக்கிள்தான் என்றைக்கும் தொழில்.

அந்தப் பாரத்தைத் தாங்கும் பிரேம் ஒட்டத்தான், குழாய்களை அசையாமல் பிடிக்கும் இந்த ஜிக்கைச் செய்திருக்கிறேன். நாலு பக்கமும் காடி உள்ள 40 மில்லிமீற்றர் அலுமினியம் பார். போல்ட்டைத் தளர்த்தினால் தாங்கி நகரும், இறுக்கினால் அசையாது. ஓடுற ஆளின் உயரத்துக்கு ஏற்றபடி குழாய்களை வைக்கலாம். முன் சில்லுக்கு 100, கியர் சைக்கிளின் பின் சில்லுக்கு 135 மில்லிமீற்றர் இடைவெளி. அந்த அளவில், சில்லுக்குப் பதிலாகப் பொய் அச்சும் பூட்டியிருக்கு.

வெல்டிங் சூட்டில் குழாய் இழுபடும். பின் சில்லு கொஞ்சம் விலகினாலும், பாரம் ஏற்றினதும் சைக்கிள் ஒரு பக்கம் சாயும். ஓடுறவரின் முதுகுதான் நோகும். ஜிக்கின் அலுமினியமோ சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஜிக்கில் வைத்துப் புள்ளி ஒட்டு மட்டும். முழு ஒட்டு வெளியே எடுத்த பிறகு.

வாகரைப் பக்கத்துப் பொடியன்மார் பிரேம் ஒட்டிப் பழக விரும்பினால் வாங்க. ஜிக் எல்லாருக்கும் பொது.