மடியில் ஒரு மடக்குக் கத்தி

மதுரையில் ரயிலேறித் தெற்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமங்கலம் தாண்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண்ணும், ஒற்றைக் காலில் நிற்கும் பனைமரங்களும் வர ஆரம்பிக்கின்றன. வெள்ளரிப் பிஞ்சுக் கூடை ஒன்று பெட்டிக்குள் ஏறுகிறது. நாலு பிஞ்சு வாங்கிவிடுகிறீர்கள். அதன் பிறகுதான் கவலை பிறக்கிறது. எதைக் கொண்டு நறுக்குவது?

எனக்கும் அந்தக் கதிதான் நேர்ந்தது. எதிர் சீட்டில் இருந்த பெரியவர் என் திண்டாட்டத்தைச் சற்று நேரம் ரசித்தார். பிறகு இடுப்பு மடியை அவிழ்த்து, விரல் நீளத்தில் ஒரு மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க தம்பி, நறுக்கிக்கிடுங்க. ஆம்பளை வெளியூர் கிளம்பினா மடியில சில்லறையும் இருக்கணும், கத்தியும் இருக்கணும்."

வெள்ளரிக்காய் ருசியாக இருந்தது. ஆனால் கத்திதான் மனத்தில் நின்றது. விருதுநகரில் இறங்கியதும் முதல் காரியமாக ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அண்ணாச்சி கடைப் பாடம்

1923-ஆம் வருஷம் வரையில் விருதுபட்டி என்று வழங்கிய ஊர் இது. கர்மவீரர் காமராஜர் 1903-இல் பிறந்த ஊர். பருப்பும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் மூட்டை மூட்டையாய்க் கை மாறும் வியாபாரத் தலம். இந்த ஊரில் பொருள் வாங்கப் போனால் பொருளோடு புத்திமதியும் கிடைக்கும். புத்திமதிக்குத் தனி விலை கிடையாது.

பஜாரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். "அண்ணாச்சி, மடக்குக் கத்தி இருக்குமா?" என்றேன்.

"எதுக்கு? வெட்டவா, நறுக்கவா?"

"வெள்ளரிக்காய் நறுக்க."

"அப்பச் சரி. உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு கத்திகள் மேஜைக்கு வந்தன. பளபளவென்று சித்திர வேலை செய்த ஒன்றின் மீது என் கை தானாகவே போயிற்று. அண்ணாச்சி மெள்ள அதை அப்பால் நகர்த்தினார்.

"அது பார்க்கிறதுக்கு. இது வச்சுக்கிடறதுக்கு" என்று மரப்பிடி போட்ட சாதாரணக் கத்தி ஒன்றை எடுத்தார். அவர் கற்றுக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கத்தியைத் திறந்து, அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுகிற கத்தி ஒரு மாதத்தில் பரதநாட்டியம் ஆடும். அடுத்தபடி, திறக்கும்போதும் மூடும்போதும் ஸ்பிரிங் 'டக்' என்று பேச வேண்டும். தொளதொளவென்றிருந்தால் நறுக்கும்போது அலகு மடங்கி உங்கள் விரலிலேயே இறங்கும். திறந்த அலகைப் பூட்டி நிறுத்தும் ஏற்பாடு இருந்தால் நல்லது. அது ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

மூடிய கத்தியில் முனை எங்கேயும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் சட்டைப் பையும் போகும், தொடையும் போகும். பிடியில் அடித்த ஆணிகளை விரலால் தடவிப் பாருங்கள்; உறுத்தக் கூடாது. அலகு உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது சுமார் மூன்று அங்குலம் இருந்தால் போதும். பழம், சணல், பார்சல், பென்சில் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

"எவர்சில்வரா, இரும்பா?" என்று கேட்டேன்.

"துடைச்சு வைக்கிற ஆளா இருந்தா உருக்கு அலகு வாங்குங்க. சீக்கிரம் கூர் ஏறும். எலுமிச்சம்பழம் அறுத்துட்டு அப்படியே மடக்கி வைக்கிற ஆளுன்னா எவர்சில்வர்தான் லாயக்கு."

நான் புத்திசாலித்தனமாக, "காந்தத்தை வைத்துப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடாதா?" என்றேன். அண்ணாச்சி சிரித்தார். துருப் பிடிக்காத கத்திகளிலும் பெரும்பாலானவற்றைக் காந்தம் இழுக்கும். ஆகையால் அந்தப் பரீட்சை பலிக்காது.

பட்டனைத் தட்டினால் பாயும் சினிமாக் கத்தியை அவர் கடையிலேயே வைப்பதில்லை. அது வம்பு. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் சேரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் வெள்ளரிக்காய்க் கத்தி அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் விமானத்தில் கைப்பையோடு அதைக் கொண்டு போக முடியாது; ஞாபகம் இருக்கட்டும்.

விலை? குடும்பத்தோடு விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடும் செலவைத் தாண்டவில்லை. மாதம் ஒரு முறை கீலில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டால், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வரும் என்று சொல்லி அனுப்பினார்.

பேனாவும் கத்தியும்

அங்கிருந்து சாத்தூர் போனேன். சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர் போன ஊர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர் போன ஊர் அது. இதற்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது.

சிறிய மடக்குக் கத்தியை நாம் பேனாக் கத்தி என்கிறோம். மேல் நாட்டில் பறவை இறகைச் சீவி எழுதிய நாளில், அந்த இறகைச் சீவுவதற்கு வைத்துக்கொண்ட கத்தி அது. இரும்பு நிப்பு வந்தது. கத்திக்கு அந்த வேலை போயிற்று. பந்துமுனைப் பேனா வந்தது. நிப்புக்கு வேலை போயிற்று. சாத்தூர்ப் பட்டறைகளின் 'டக் டக்' ஓசையும் அதோடு தேய்ந்துவிட்டது. பேர் மட்டும் கத்தியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்ல. மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பனையோலையில் எழுத ஒரு பக்கம் எழுத்தாணி. ஓலையை வாருவதற்கு மறு பக்கம் கத்தி. இரண்டையும் பிடிக்குள்ளேயே மடக்கிக்கொள்ளலாம். உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் இதை விவரித்திருக்கிறார். இந்தப் பனங்காட்டுப் பக்கத்தில் எத்தனை வாத்தியார்கள் அதை மடியில் செருகிக்கொண்டு நடந்திருப்பார்கள்! மடியில் கத்தி வைத்துக்கொள்வது நமக்குப் பழைய பழக்கந்தான்.

பையில்லாத சட்டை

சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் பஸ். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரையில் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள் அல்லவா? அந்தத் தீக்குச்சி பற்றிக்கொண்டதுதான் இன்றைய சிவகாசி. தீப்பெட்டி, அதன்மேல் ஒட்ட லேபிள், லேபிள் அடிக்க அச்சகம், பிறகு பட்டாசு என்று ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்த ஊர்.

ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க ஒரு நண்பர் அனுமதி வாங்கியிருந்தார். கேட்டில் காவலர் தீப்பெட்டி, கைபேசி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "வேற எதுவும் இருக்கா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரு நாள் பழக்கத்திலேயே அந்தக் கத்தி உடம்போடு உடம்பாகிவிட்டது!

அவர் சம்பிரதாயமாக இடுப்பைத் தடவினார். கை நின்றது. கத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"ஐயா, வெளியில இது கத்தி. உள்ளே இது தீக்குச்சி" என்றார்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. உருக்கு, கல்லிலோ வேறு உருக்கிலோ வேகமாக உரசும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் சீவப்படுகின்றன. சூடேறி, காற்றிலேயே அவை எரிகின்றன. அதைத்தான் தீப்பொறி என்கிறோம். தீபாவளிக்கு உங்கள் குழந்தை பிடிக்கும் கம்பி மத்தாப்பில் பொன் பூவாய்ச் சிதறுவதும் இரும்புத் தூள்தான். கையில் பிடித்தால் பூ. கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த மருந்தின் மேல் விழுந்தால் அது யமன். ஆகவேதான் மருந்து புழங்கும் அறைகளில் கருவிகள் மரத்தாலோ, செம்பு, பித்தளை போன்ற மிருதுவான உலோகத்தாலோ இருக்க வேண்டும் என்று விதி. வேலை செய்கிறவர்களின் உடையில் பையே இருக்கக் கூடாது. பை இருந்தால் அல்லவா அதில் எதையாவது போட்டு மறந்து போக முடியும்?

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, இதே வட்டாரத்து முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் விபத்துச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தக் காவலரின் முகத்தைப் பார்த்தபோது, இதையெல்லாம் அவர் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல என்று பட்டது.

உள்ளே தனித்தனியாக, தூரந்தூரமாகச் சிறு அறைகள். பெண்கள் தரையில் உட்கார்ந்து சளைக்காமல் கை வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊருங்க?" என்றாள். சொன்னேன். "எங்க வெடி அங்கயும் வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். அவளுக்குச் சந்தோஷம். எனக்கோ காலடியில் மணல் நெரிந்தால் கூடப் பயமாயிருந்தது. எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத் தினந்தோறும் அவர்கள் உள்ளே வருகிறார்கள். சாயங்காலம் பத்திரமாக வெளியே போக வேண்டும்; அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

திரும்பி வந்தபோது காவலர் கத்தியைத் துடைத்து வைத்திருந்தார். "நல்ல கத்தி, ஆடவே இல்லை" என்று சர்ட்டிபிகேட்டும் கொடுத்தார்.

நீங்களும் ஒரு கத்தி வாங்குங்கள். அவசியம் வாங்குங்கள். ஆடாததாக, 'டக்' என்று பேசுவதாக, மூன்று அங்குலத்துக்குள் பார்த்து வாங்குங்கள். எங்கே எடுக்கலாம் என்பதோடு, எங்கே எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மதுரைக்குத் திரும்பும் ரயிலில், எதிரே ஓர் இளைஞர் கையில் நாலு வெள்ளரிப் பிஞ்சோடு விழித்துக்கொண்டிருந்தார். நான் இடுப்பு மடியை அவிழ்த்தேன்.

"இந்தாங்க தம்பி, நறுக்கிக்கிடுங்க."