உளுவைக்கு ஒரு வளை

எங்கள் புதுக்கோட்டைக்குச் சமுத்திரம் கிடைத்ததே 1974-ஆம் வருஷத்தில்தான். அதற்கு முன்பு ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானத்தில் அரண்மனை இருந்தது. சொந்தமாக அம்மன் காசு இருந்தது. ஏரிகளும் குளங்களும் கணக்கில்லாமல் இருந்தன. கடல் மட்டும் இல்லை. 1948-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டையைத் தனி ஜில்லா ஆக்கியபோது, தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதோடு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளும் வந்து சேர்ந்தன. ஆகவே, உள்நாட்டுப் புதுக்கோட்டைக்காரர்களாகிய எங்களுக்கு உப்புத் தண்ணீர் கொஞ்சம் புதிய உறவுதான்.

அந்த உறவை நான் சற்று அதிகமாக நெருங்கப் போய்ப் பட்ட பாட்டையும், அதில் கற்ற பாடத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் பிராணி சாஸ்திரம் கற்பிக்கும் உபாத்தியாயன். கடலையே பார்த்திராத பையன்களுக்குப் படத்தைக் காட்டிக் கடல் மீனைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. சென்னைக் கடற்கரையில் 1909-லேயே கடல் மீன் காட்சிச்சாலை ஒன்றைத் திறந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், எங்கள் பள்ளிக்கூடத்து ஸயன்ஸ் அறையில் நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியாவது வைக்கலாமே என்று தோன்றியது. செலவு என்னுடையது. "மற்றவர்கள் சம்பளம் தண்ணீராய்ச் செலவாகும்; உங்கள் சம்பளம் உப்புத் தண்ணீராய்ச் செலவாகிறது" என்றாள் என் மனைவி.

ஆரம்பத்தில் நான் மிகுந்த பொறுமையோடுதான் இருந்தேன். தண்ணீரை நிரப்பியவுடன் மீனை விடலாகாது. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா விஷத்தை மாற்றித் தீர்க்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. நீல நிறத்தில் ஒரு டாம்ஸெல் மீனும் வந்தது. டாம்ஸெல் என்றால் கன்னிகை என்று பொருள். குணம் என்னவோ சந்தைப்பேட்டை ரௌடியின் குணம்.

ஐந்து மாதம் கழித்துச் சென்னைக் கொளத்தூரிலிருந்து ஓர் உளுவை வாங்கி வந்தேன். உளுவை வாசகர்களுக்குத் தெரியாத மீன் அல்ல. நம் ஏரிகளிலும் உண்டு. உலகத்தில் அந்தக் குடும்பத்தில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நான் வாங்கியது விரல் நீளத்தில், மஞ்சள் உடம்பில் நீலப் புள்ளிகள் தெளித்த கடல் உளுவை. மற்ற மீன்களைப் போல் நடுத் தண்ணீரில் உலாவாது, தரையில்தான் உட்காரும்.

அதைப் பார்க்க வகுப்பே கூடிவிட்டது. அந்த உற்சாகத்தில் விளக்கைப் போட்டு, பையை அவிழ்த்து, மீனை அப்படியே தொட்டியில் விட்டேன். மறு நிமிஷமே டாம்ஸெல் பாய்ந்தது. உளுவை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடியது. பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பழகிவிடும் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால், மேஜைக்குப் பின்னால் தரையில் அது காய்ந்து கிடந்தது.

அதே வாரத்தில்தான் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு பையன் எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தான். தகப்பனார் கடலுக்குப் போகிறவர். கடலோரத்துப் பையன் கிடைத்தானே என்ற சந்தோஷத்தில், முதல் நாளே அவனை ஐம்பது பேருக்கு முன்னால் நிறுத்தி, "கடலைப் பற்றிப் பேசு, தம்பி" என்றேன். அவன் இரண்டு வாக்கியம் பேசினான். அவன் பேச்சின் ராகத்தைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் முதல் மூன்று நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

நாலாம் நாள் இடைவேளையில் அவன் தனியாகத் தொட்டியண்டை நின்றுகொண்டிருந்தான்.

"உளுவை செத்துப்போச்சா சார்?"

"ஆமாம். குதித்துவிட்டது."

அவன் தொட்டியை இப்படியும் அப்படியும் பார்த்தான். "வளை எங்கே சார்?"

"வளையா?"

"ஒளிய வளை இல்லேன்னா அது எங்கே சார் போகும்? மேலதான் குதிக்கும்."

பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எனக்குப் பதில் வரவில்லை. அவன் மீனைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் அந்த மூன்று நாள் அவன் எங்கே போயிருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இரண்டாவது உளுவைக்கு நாங்கள் இருவருமாக வீடு கட்டினோம். தரையில் மூன்று அங்குலத்துக்கு மணல்; அதில் பாதி புதைத்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று; வாசலில் அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த மட்டி ஓடுகள். பவழம் மட்டும் கூடாது. 2001 முதல் அதைச் சட்டம் காக்கிறது. தொட்டிக்கு மேல் வலை மூடி போட்டோம்.

புதிய மீனை முதலில் நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோய் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டோம். குடிபுகும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்கினோம். பழைய எல்லைகள் குலைந்தால் பழைய மீன்களின் அதிகாரமும் குலையும். டாம்ஸெலை ஓட்டைகள் உள்ள ஒரு பெட்டியில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே ஒரு வாரம் சிறை வைத்தோம். பிறகு விளக்கை அணைத்தோம். மீன் பையைத் தொட்டியில் இருபது நிமிஷம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கினோம். அப்புறம் ஒரு வாளியில் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தோம். கடைசியில் மீனை மட்டும் எடுத்து விட்டோம். அது குழாய்க்குள் புகுந்து மறைந்தது.

மூன்று நாள் தலையைக் காட்டவில்லை, ஆகாரமும் இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. குழாயைச் சற்றுத் தூக்கிப் பார்க்கலாமா என்றேன்.

"விட்டுடுங்க சார். அதுவா வரும்" என்றான்.

நாலாம் நாள் இரண்டு கண்கள் வெளியே தெரிந்தன. உறிஞ்சுகுழாயில் ஆர்ட்டீமியா என்ற சிறு இரையை எடுத்து வளை வாசலிலேயே கொடுத்தோம். அதற்கு முன்பாக எதிர் மூலையில் மற்ற மீன்களின் வயிற்றை நிரப்பிவிடுவோம். பசியாறியவன் அண்டை வீட்டானோடு சண்டைக்குப் போகிறதில்லை அல்லவா?

பிறகு ஒரு பிஸ்டல் இறாலையும் விட்டோம். கொடுக்கைச் சொடுக்கினால் சத்தம் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். ஆனால் அதற்குக் கண் பார்வை மிகவும் மட்டு. இறால் நாள் முழுவதும் மணலைத் தள்ளி வளை தோண்டும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போது தன் மீசையை உளுவையின் மேலேயே வைத்திருக்கும். ஆபத்து என்றால் உளுவை வாலை ஒரு தரம் அசைக்கும். இறால் உள்ளே ஓடிவிடும். கடலில் நடக்கும் இந்தக் கூட்டுக் குடித்தனம் பத்தே நாளில் எங்கள் ஸயன்ஸ் அறையிலும் அமைந்தது.

அந்தப் பையனை நான் மறுபடி வகுப்புக்கு முன்னால் நிறுத்தவில்லை. தண்ணீரின் உப்பு அளவை 1.025-ல் காக்கும் வேலையை மட்டும் அவனிடம் விட்டேன். நம்மூர் வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. ஆகவே தினமும் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். அதற்காக அவன் காலையில் எல்லோருக்கும் முன்னால் வருவான். உதவிக்கு ஒருவன் வந்தான். பிறகு இன்னொருவனும் சேர்ந்தான்.

சென்ற வாரம் கீழ் வகுப்புப் பையன்கள் சிலர் தொட்டியைச் சூழ்ந்துகொண்டு விளக்கைப் போடப் போனார்கள்.

"போடாதீங்கடா! இறால் இன்னும் புதுசு" என்று ஒரு குரல் அதட்டியது. அதே கடலோர ராகம். ஒருவரும் சிரிக்கவில்லை.

வாசல் வரை வந்திருந்த நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். உபாத்தியாயரும் சில சமயம் விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.