நாராவிலிருந்து தொடங்கலாம்

ஒசாகா,
வெள்ளி இரவு

அன்புள்ள அக்கா,

அக்டோபர் கடைசியில் அத்தானோடும் பிள்ளைகளோடும் வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதலில் கியோட்டோவுக்குத்தான் ஓடுவார்கள். நாம் நாராவுக்குப் போவோம். நம்பாவில் கிந்தெத்சு ரயில் ஏறினால் 40 நிமிடம்தான். பூங்காவில் மான்கள் நம்மோடு கூடவே நடந்து வரும். கையில் பிஸ்கட்டைப் பார்த்துவிட்டால் தலையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கேட்கும். கொடுக்கத் தாமதித்தால் சட்டையைக் கவ்வி இழுக்கும். சின்னவளைப் பிடித்துக்கொள்.

தோடாய்ஜி கோயிலில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். 752-இல் அவருக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர். நம் நாட்டுத் துறவி, 736-இல் கடல் கடந்து இங்கே வந்தவர். நம்மூரில் ஸ்தபதி கண் திறப்பாரே, அப்படித்தான். போதிசேனர் பிடித்த தூரிகையில் நீண்ட பட்டுக் கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பற்றிக்கொண்டார்களாம், புண்ணியத்தில் எல்லாருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று. அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன! கருவூலப் பொருள்களில் சிலவற்றை ஆண்டுதோறும் நீ வரும் சமயத்தில்தான் நாரா அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். எவை வந்தாலும் பார்த்துவிட வேண்டும்.

புத்தர் இருக்கும் மரமண்டபம் 1180-லும் 1567-லும் போரில் எரிந்தது. இப்போது நிற்பது 1709-இல் முடிந்தது. ஒசாகாவின் ஷித்தென்னோஜி கதையும் இதுதான். 593-இல் தொடங்கிய கோயில், 1945 குண்டுவீச்சில் எரிந்து, கான்கிரீட்டில் மறுபடி எழுந்தது. கான்கிரீட் கோயிலா என்று நீ முகம் சுளிப்பாய். உள்ளே வந்து பார். இறந்தவர் பெயரை மெல்லிய மரச்சீவலில் எழுதி வாங்கி, கல் ஆமைத் தொட்டியின் நீரில் விடுகிறார்கள். பக்கத்தில் 300 மீட்டர் உயர அபேனோ ஹருகாஸ் கட்டடம் நிற்கிறது. வேலை முடிந்து அங்கிருந்து நேரே வருகிறவர்களும் உண்டு. கும்பிட ஆள் இருக்கிற வரை அது பழைய கோயில்தான், அக்கா. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அம்மா பெயரை நான் இன்னும் எழுதவில்லை. நீ வந்ததும் சேர்ந்து போய் எழுதுவோம்.

கியோட்டோவுக்கு அடுத்த நாள் போகலாம். கியோமிசு கோயிலுக்கு மேட்டில் ஏற வேண்டும். அத்தானுக்கு முழங்கால் வலி இருப்பதால் காலையிலேயே கிளம்பி மெதுவாக ஏறுவோம். எல்லாருக்கும் நடக்க வசதியான ஷூ எடுத்து வை. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. நான் லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் தம்பி