வெட்டிய கோடு

நிவித்திகலவில் உள்ள எங்கள் கடையின் கடன் கொப்பியைக் கணினியில் ஏற்றியவள் நான்தான். உயர்தரத்தில் படித்த தரவுத்தளப் பாடம் கைகொடுத்தது. ஆளுக்கொரு நிரை, நிலுவைக்கு ஒரு நிரல்.

ஒருநாள் தோட்டத்து அக்கா ஒருவர், "போன கிழமை ஆயிரம் தந்தேனே முதலாளி" என்றார். திரையில் 3,400 மட்டுமே இருந்தது. 'அப்டேட்' கட்டளை புதிய தொகையை எழுதும்போது பழையதை அட்டவணையில் விட்டுவைப்பதில்லை. கழித்தேனா, மறந்தேனா? எனக்கே தெரியவில்லை. ஆனால் தலைகுனிந்து நின்றவர் அவர்தான்.

வாப்பா அவர் சொல்லையே ஏற்றுக்கொண்டார். பிறகு பழைய கொப்பியை விரித்துக் காட்டினார. எந்தத் தொகையையும் அவர் அழித்திருக்கவில்லை. ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதியதையும் திகதியையும் எழுதியிருந்தார். "கணக்கு அமானிதம் மகள்" என்றார். குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகறா 282 அல்லவா!

அன்றிரவே இன்னோர் அட்டவணை அமைத்தேன்: பழைய தொகை, புதிய தொகை, திகதி, மாற்றியவர். நிலுவை மாறும்போதெல்லாம் 'ட்ரிகர்' ஒன்று அதில் தானாகவே ஒரு நிரையைச் சேர்க்கும்.

அடுத்த கிழமை அக்கா வந்தபோது, திரையை அவர் பக்கம் திருப்பி ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன்.