பிரதியும் பூட்டும்

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு ஏடுகளைப் பற்றி உள்ள பயம் ஒன்றே ஒன்றுதான்: அழிந்துவிடுமோ என்பது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்கள், கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் நெருப்புக்கு இரையான செய்தியை மறந்திருக்க மாட்டார்கள். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க 1871-இல் வந்து சேர்ந்த மாயூரம்தான் எங்கள் ஊர், இன்றைய மயிலாடுதுறை. அந்தக் காலத்துப் படிப்பில் பெரும்பங்கு, ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவது. பிரதி எடுத்தவர் வீட்டில் நூல் பிழைத்தது. பெட்டியில் வைத்துப் பூட்டியவர் வீட்டில் செல்லரித்தது.

நம் தலைமுறையிலும் இதைப் பார்த்தோம். மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய மடற்குழுக்கள் யாகூவின் வழங்கிகளில் இயங்கியவை. 2019 அக்டோபரில் குழும இடுகைகளை நீக்கப்போவதாக யாகூ அறிவித்தது; 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. எவரேனும் தம் கணினியில் சேமித்து வைத்திருந்த மடல்கள் மிஞ்சின. மாறாக, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் எத்தனையோ பேருடைய வட்டுகளில் கிடக்கின்றன. நாளை அந்தத் தளமே இல்லாமற் போனாலும் நூல்கள் போகா. ஆகவே பிரதி செய், பரப்பு என்பது நமக்கு மந்திரம் போல ஆகிவிட்டது.

இதற்கு நேர் எதிரான பயம் ஒன்றும் உண்டு. சென்ற சம்பாப் பருவத்தில், எங்கள் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் ஆவணங்களை ஒழுங்குசெய்து தரப் போயிருந்தபோது அதை நேரில் கண்டேன். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை வாங்கிப் படமெடுத்து, மேகக் கணிமைச் சேவை ஒன்றில் ஏற்றி வைத்திருந்தார்கள். (மேகம் என்று பெயர் வைத்தவர் கவியுள்ளம் கொண்டவர் போலும். அங்கே இருப்பது காவல் போட்ட கட்டடமும், குளிரூட்டியும், இரவு பகலாக ஓடும் வட்டுகளுமே.) பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடியும். அந்த அவசரத்தில், நிறுவனத்தின் கணக்கர் தம் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, சுட்டி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டில், அந்தச் சுட்டியை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். பொதுச்சேவை மையத்துக்காரருக்கு அது வசதி. பிறகு கணக்கருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சுட்டி மட்டும் திறந்தபடி கிடந்தது.

நான் இதைச் சொன்னபோது இயக்குநர்களில் மூத்தவர் சிரித்தார். "எங்க சிட்டாவ வச்சிக்கிட்டு எவன் தம்பி என்னா பண்ணப்போறான்?"

டெல்டாவில் இதற்குப் பதில் சொல்வது எளிது. "நெல்லு போடுவான் அய்யா" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வியாபாரி, விவசாயி பெயரில் நெல் போடுகிறான் என்பது இங்கே ஆண்டுதோறும் எழும் புகார். அதற்கு வேண்டிய காகிதங்கள் எவையோ, ஏறக்குறைய அவையே அந்தக் கோப்புறையில் வரிசையாக, பெயர் எழுதி, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

பெரிய கம்பெனி, அவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கட்டடத்துக்கும் வட்டுக்கும் அவன் காவல். எதை யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது அவனுடைய வேலை அன்று. மேகச் சேவை தரும் பெருநிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே இதை எழுதி வைத்திருக்கின்றன. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைத் திரட்டியவரையே பொறுப்பாளியாக்குகிறது. பிறர் வீட்டில் வைத்தேன் என்று கை கழுவ அதில் இடமில்லை.

பிறர் வீட்டில் வைப்பதால் வரும் வேறு சங்கடமும் உண்டு. குஜராத்தின் வாடிநாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ருஷ்ய ரோஸ்நெஃப்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தவுடன், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டியிருந்தும் தங்கள் தரவைத் தொட முடியவில்லை என்று நயாரா தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போக, சில நாள்களில் சேவை திரும்பியது. அப்படியானால் சொந்த வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் சொந்தத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு அலுவலர்கள் கோப்புகள் வைத்திருந்த 858 டெராபைட் கிடங்கு எரிந்துபோனது. அளவு பெரிது என்று வெளியே பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. உ.வே.சா. கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

நூலைக் காப்பது பிரதி. குடியானவனின் காகிதத்துக்கோ ஒவ்வொரு பிரதியும் ஒரு திறந்த சன்னல்; பிரதியே இல்லாவிட்டாலும் ஆபத்து. இரண்டையும் சேர்த்துக் கட்டுவது மறையாக்கம் ஒன்றுதான். சாவி இல்லாதவர் கண்ணுக்கு வெறும் குப்பையாகத் தெரியும்படி கோப்பை மாற்றிவிட்டால், பிரதியை எங்கும் வைக்கலாம், சாவியை மட்டும் காத்தால் போதும். புதிய கணக்கை நிறுவனத்தின் பெயரில் தொடங்கினோம். இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணும் வேண்டும். மறையாக்கிய பிரதி ஒன்று தனி வட்டில் அலுவலக அலமாரிக்குள் போயிற்று. அதன் கடவுச்சொடர் இரண்டு பாதியாக, ஒட்டிய உறைகளில், இரண்டு இயக்குநர்கள் வீட்டில் இருக்கிறது. கோயில் உண்டியலை ஒருவர் தனியே திறக்க முடியாதல்லவா என்றதும், விளக்கம் ஏதும் தேவைப்படவில்லை.

திருப்பூருக்குத் தொலைபேசி, கணக்கர் மூலம் பழைய சுட்டியை அடைத்தோம். அவர் நல்ல பிள்ளை, அன்றிரவே செய்துகொடுத்தார். ஆனால் அதற்குள் எத்தனை கைப்பேசிகளில் அந்தப் படங்கள் இறங்கினவோ, அவற்றைத் திரும்ப அழைக்க எந்தச் சாவியும் இல்லை. பொதுச்சேவை மையத்துக்காரர் இப்போதும் "வாட்ஸப்புல போட்டுவிடுங்களேன்" என்றுதான் கேட்கிறார்.

ஒன்று பாக்கி. வேலை முடிந்த மூன்று ஆண்டுக் காகிதங்களை அழித்துவிடலாம், இல்லாததை யாரும் திருட முடியாது என்று கூட்டத்தில் சொன்னேன். நிலப்பத்திரத்தைப் பூசையறையில் வைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். மூத்தவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "காயிதத்த அழிக்கச் சொல்றியே தம்பி" என்றார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.