தேக்காவிலிருந்து நடந்தே ஜப்பானுக்கு

லிட்டில் இந்தியாவைத் தெரியாத சிங்கப்பூரர் கிடையாது. அங்கிருந்து கால் மணி நேர நடையில் ஒரு ‘லிட்டில் ஜப்பான்’ இருந்தது என்றால், ‘அப்படியா?’ என்றுதான் பலரும் கேட்பார்கள். தோக்கியோவுக்குப் போயே தீரவேண்டும் என்று அடம்பிடித்த ஏழு வயது மகளுக்கு அதைக் காட்ட, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகக் கிளம்பினோம். அம்மாவும் வந்தார்.

தேக்காவில் தோசை. வெயில் ஏறுவதற்குள் சிலிகி ரோடு வழியாக மிடில் ரோட்டுக்கு நடந்துவிட்டோம். போருக்கு முன் இங்கே ஜப்பானியர்களின் துணிக்கடைகள், பல் மருத்துவர்கள், புகைப்பட நிலையங்கள் எல்லாம் இருந்தன. பக்கத்திலிருந்த ஹைலாம், மலபார், மலே தெருக்களுக்கு இன்று கண்ணாடிக் கூரை. ஆமாம், பூகிஸ் ஜங்ஷன் கடைத்தொகுதிக்குள் நாம் நடக்கும் பாதைகள்தான் அவை. எத்தனை முறை அங்கே பபிள் டீ வாங்கியிருப்போம்!

வறுமையில் வாடிய கியூஷு கிராமங்களிலிருந்து பாலியல் தொழிலுக்குக் கொண்டுவரப்பட்ட இளம்பெண்கள் பலர் வாழ்ந்த தெருக்கள் அவை. மகளிடம், “வீட்டைவிட்டு ரொம்பத் தூரம் வந்த அக்காக்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர்களைப் போன்ற ஏழைகளை அடக்கம் செய்யவே 1891ல் இங்கிருந்த ஜப்பானியர்கள் ஓர் இடுகாடு அமைத்தார்கள். ஹவ்காங் பக்கம், சுவான் ஹோ அவென்யூவில் அது இப்போது பூங்காவாக இருக்கிறது.

ரயிலும் டாக்சியுமாக அங்கே போய் இறங்கியபோது அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். போர்க்கால ஜப்பானிய வீரர்களின் அஸ்தியும் உள்ளே இருப்பதை முன்பே சொல்லியிருந்தேன். அம்மாவின் தாத்தா, 1943ல் ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். மலாயாவிலிருந்து போய்த் திரும்பாத பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது.

“இவங்களுக்கு மட்டும் இவ்வளவு அழகா இடமா?” என்றார். வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்குப் பதில் வரவில்லை.

உள்ளே 910 கல்லறைகள். காகிதப்பூ படர்ந்த பந்தல் வழி. 1909ல் தாயகம் திரும்பும் வழியில் கப்பலில் இறந்த எழுத்தாளர் ஃபுதபதேய் ஷிமேயின் நினைவுக்கல்லும் உண்டு. அந்தப் பெண்களின் கற்களோ மிகச் சிறியவை. மகள் எண்ணத் தொடங்கி, எழுபதைத் தாண்டியதும் களைத்துப்போனாள்.

அரை மணி நேரம் கழித்து அம்மா தானாகவே உள்ளே வந்தார். பெரிய நினைவுச்சின்னங்கள் பக்கம் திரும்பவில்லை. சின்னக் கற்களின் அருகில் நின்று, “இதுங்களும் சின்னப் பிள்ளைங்களா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா. பல பேருக்கு இருபது வயசுகூட இருக்காது.”

குனிந்து, ஒரு கல்லின் மேல் விழுந்திருந்த சருகுகளைத் தட்டிவிட்டார்.

டாக்சிக்குக் காத்திருந்தபோது, சயாம் ரயில்பாதை ஓடும் காஞ்சனபுரிக்குப் போக எத்தனை நாள் ஆகும், டிக்கெட் என்ன விலை என்று என் கணவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.